அவள் விரல்களில் எண்ணியவர்கள்

ஜூலை, முதல் ஞாயிறு. தேவதைக்கதைப் பூங்காவிற்கு நான்கு அனுமதிச்சீட்டுகள் இணையத்தில் வாங்கப்பட்டன. செல்லும் நாள்: ஆகஸ்ட் கடைசித் திங்களின் வங்கி விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை.

ஜூலை, இரண்டாம் ஞாயிறு. உறவினர்கள் தொலைபேசியில் அழைக்கப்பட்டனர். அனைவரும் மறுத்தனர்.

ஆகஸ்ட், மேற்படி சனிக்கு முந்திய ஞாயிறு. லூயிஷாமிலிருந்து என் மனைவியின் தமக்கை அழைத்தார். என் மனைவியின் ஆண்டுத்திவசம் அந்தச் சனிக்கிழமையே என்று அறிவித்தார்.

நடந்தவை இவை. இனி எழுதுவது, அவை எப்படி ஒன்றோடொன்று பொருந்தின என்பதைப் பற்றியது.

என் தொழில் மழைநீர். ஓய்வுபெறும்வரை கிழக்கு லண்டன் கவுன்சில் ஒன்றில் வீதிகளின் கீழ் ஓடும் வடிகால்களை வடிவமைத்தேன். முனைவர் பட்டமும் அதில்தான். எவ்வளவு மழை, எவ்வளவு விரைவில், எந்தக் குழாய்க்குள் என்பதற்கு அப்பால் உலகைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அதிகமில்லை. எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணங்களைத் திட்டமிடுவது என் மனைவியின் துறையாக இருந்தது. என் முறைக்கு நேரெதிரானது அவளுடைய முறை. நான் முதலில் இடத்தையும், பிறகு நாளையும், கடைசியில் ஆட்களையும் தீர்மானிப்பவன். அவள் ஆட்களிலிருந்து தொடங்குவாள். "ஆர் ஆர் வருகினம் எண்டு சொல்லுங்கோ. இடம் என்ன, எங்கையும் போகலாம்" என்பாள். இது ஒழுங்கற்ற முறை என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அவள் கடைசியாகத் திட்டமிட்ட பயணம் ஒரு மருத்துவமனைக் கட்டிலிலிருந்து திட்டமிடப்பட்டது. எங்கள் பேத்திக்கு அப்போது ஆறு வயது. லண்டனுக்கு வெளியே, மோட்டர்வேயை விட்டு இறங்கிச் சிறிது தூரத்தில், தேவதைக்கதைகளைக் கொண்டு அமைத்த பூங்கா ஒன்று இருக்கிறது. இனிப்புக் கூரை போட்ட வீடு, ஓநாய் படுத்திருக்கும் குடில், டிராகன் வடிவத்தில் ஒரு சிறு ரயில், நடுவில் ஒரு கோட்டை. அந்தக் கோடையில் அங்கு போவதாக இருந்தது, நோய் முந்திக்கொண்டது. பிள்ளை கட்டிலில் ஏறி உட்கார்ந்து, எப்போது போவோம் என்று கேட்டாள்.

"அடுத்த கோடைக்கு" என்றாள் என் மனைவி. "எல்லாரும் போவம்."

"ஹூ இஸ் எல்லாரும், அம்மம்மா?"

இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் வலக்கை விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். பெருவிரலுக்குத் தன் தமக்கை. அடுத்ததற்குத் தமக்கையின் கணவர். பிறகு வால்தம்ஸ்டோவில் இருக்கும் தம்பி, தம்பியின் மனைவி, அவர்களின் மூத்த மகள். விரல்கள் முடிந்தன. பிள்ளையின் கையை வாங்கி அதில் தொடர்ந்தாள்: தம்பியின் இளைய மகள், எங்கள் மகள், மருமகன், பேத்தி. பிள்ளையின் சின்னி விரல் எனக்குக் கிடைத்தது.

"யூ ஃபர்கோட் யுவர்செல்ஃப்" என்றாள் பிள்ளை.

"நான் தானே எண்ணுறன்" என்றாள் என் மனைவி.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவள் இறந்தாள்.

எங்கள் ஆட்களிடையே ஒரு மரணத்திற்குப் பிறகு, ஆண்டுத்திவசம் முடியும்வரை, நெருங்கிய உறவினர் கொண்டாட்டம் எதற்கும் போவதில்லை. கல்யாணவீடு, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு எல்லாம் தள்ளி நிற்கும். எனக்கு இது கடினமாக இருக்கவில்லை. செவன் கிங்ஸில் என் வீட்டிலிருந்து நிலையம்வரை நடந்து திரும்புவதே அந்த ஆண்டில் எனக்குப் போதுமான பயணமாக இருந்தது. ஆனால் வசந்தத்தில் மருமகனுக்கு ஆஸ்திரேலியாவில், பேர்த்தில், வேலை கிடைத்தது. ஆகஸ்ட் விடுமுறைத் திங்களுக்கு அடுத்த செவ்வாய் விமானம். அதாவது அடுத்த கோடை என்று என் மனைவி சொன்னது இந்தக் கோடைதான். இதற்குப் பின் ஒன்று இல்லை.

அவள் கொடுத்த வாக்குகளில் நிறைவேறாதது இது ஒன்றுதான். அதை நிறைவேற்றுவது என்று முடிவு செய்தேன். என் முறைப்படியே இடத்தைத் தீர்மானித்தேன், நாளைத் தீர்மானித்தேன், அதன் பிறகு ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

மனைவியின் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அத்தான், குறை நினைக்காதேங்கோ. இன்னும் ஆண்டு திரும்பேல்லை. அக்கா போன வருசத்துக்குள்ள நாங்கள் ராட்டினத்தில சுத்தினால் சனம் என்ன சொல்லும்?"

தமக்கை தயங்கவில்லை. "விசர்க் கதை கதையாதேங்கோ, தம்பி" என்றார். என்னைவிடச் சில வயது மூத்தவர்; எனக்கு எழுபது கடந்த பின்னும் நான் அவருக்குத் தம்பிதான். நான் அவரை மச்சாள் என்று அழைப்பேன். அவர் வைத்த புள்ளிக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எவரும் வாக்கியம் தொடங்குவதில்லை.

எல்லாரும் வரமுடியாது, நாங்கள் நால்வர் மட்டும் போவோம் என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மகளுக்கு வேறொரு துயரம். திவசம் செப்டம்பர் முதல் வாரம். அதற்கு முன்பே விமானம். "அம்மான்ர முதல் திவசத்துக்கு நான் நிக்கமாட்டன் என்ன, அப்பா?" என்று பெட்டிகளை அடுக்கும்போது கேட்டாள். மருமகனின் வேலை தொடங்கும் நாளை மாற்ற முடியவில்லை. நான் ஓம் என்றேன். அவள் பெட்டியை ஒட்டினாள்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிறு தொலைபேசி வந்தது.

"தம்பி, சனிக்கிழமைக்கு எத்தினை பேருக்குச் சமைக்கிறது?" என்றார் மச்சாள்.

அவர் மனம் மாறிவிட்டார் என்று எண்ணினேன். "சமைக்கத் தேவையில்லை மச்சாள். அங்க சாப்பாட்டுக் கடை இருக்கு" என்றேன்.

"எங்க?"

"பூங்காவில."

அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார். "நீங்கள் என்ன கதைக்கிறியள்? நான் திவசத்தைச் சொல்லுறன். தங்கச்சியின்ர திவசம். ஆவணி அபரபக்கத் தசமி. முப்பத்தோராம் நாள் கடமையில ஐயர் சொல்லேக்க நீங்கள் தலையாட்டினனீங்கள்."

"செப்டம்பர் எண்டெல்லோ நினைச்சனான்."

"செப்டம்பரோ? செப்டம்பர் வெள்ளைக்காரன்ர. செத்தவளுக்குத் திதி. எவ்வளவு படிச்சு என்ன பிரயோசனம்!"

தேம்ஸ் நதியின் வற்றுப்பெருக்கு அட்டவணைகளோடு பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். நிலவின் ஆண்டு சூரியனின் ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறுகியது, ஆகவே தேய்பிறைத் தசமியும் அவ்வளவு முந்தி வரும் என்பது எனக்கு நெடுநாள் தெரிந்த விடயம். அந்த அறிவை நதிக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன்.

மகளிடம் சொன்னேன். கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்தாள். "அப்ப நான் நிப்பன்" என்றாள். "அம்மான்ர திவசத்துக்கு நான் இங்க நிப்பன், அப்பா." அவள் குரல் அவ்வாறு உயர்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. உடனே தாழ்ந்தது. "பிள்ளைக்கு என்ன சொல்லுறது?"

வேறு நாள் இல்லை. வெள்ளிவரை மருமகனுக்கு வேலை. ஞாயிறும் திங்களும் விடுமுறைக் கூட்டத்தால் பூங்காவின் சீட்டுகள் தீர்ந்திருந்தன. செவ்வாய் விமானம். பிள்ளைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், எனக்கு ஒரு நாள் தா என்று மகளிடம் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நீரோட்டங்கள் ஒரே வேளையில் ஒரே இடத்திற்கு வந்து சேருமானால் அனுபவமில்லாத பொறியியலாளன் ஒன்றை அடைப்பான். அடைத்த நீர் இன்னொரு வீதியில், எவருடைய வீட்டு வாசலிலோ, பொங்கும். சந்தி ஒன்று கட்டி, இரண்டையும் சேர்த்து, பெரிய குழாயில் விடுவதுதான் முறை. இதை இளைய பொறியியலாளர்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்று மாலை எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் காலை ரயிலேறி லூயிஷாமுக்குப் போனேன்.

மச்சாள் கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர், என் சகலன், முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், விடியக் கோயில்ல செய்யவேண்டியதைச் செய்வம். ஒண்டும் குறையாமல். சாப்பாட்டை மட்டும் வேற இடத்தில குடுப்பம்."

"மண்டபத்திலயோ?"

"பூங்காவில."

கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார். "திவசச் சோத்தைக் கொண்டுபோய் ராட்டினத்துக்குக் கீழ வைக்கப் போறியளோ? கேட்ட ஆக்கள் சிரிக்கமாட்டினமோ?"

"ராட்டினத்தில ஏத்தினால்தான் கொட்டுப்படும். கீழ வைச்சால் பயமில்லை" என்று முன்னறையிலிருந்து சகலன் சொன்னார்.

"நீங்கள் உங்கட படத்தைப் பாருங்கோ."

வாதிடுவதில் எனக்குத் திறமையில்லை. மருத்துவமனைக் கட்டிலில் நடந்ததை, நடந்த ஒழுங்கில், சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. விரல்களை மடக்கி எண்ணியதைச் சொன்னபோது இடைமறித்தார்.

"முதல் ஆரைச் சொன்னவள்?"

"உங்களை. பெருவிரல்."

மச்சாள் திரும்பிக் குழாயைத் திறந்தார். ஏற்கனவே கழுவிய கத்தரிக்காய்களை மறுபடி கழுவினார். முன்னறையில் தொலைக்காட்சியின் ஓசை குறைந்தது.

"அங்க காகம் இருக்குமோ?" என்றார், திரும்பாமலே.

படைத்த சோற்றை முதலில் காகத்திற்கு வைத்து, அது தொட்ட பின்பே மற்றவர்கள் உண்பது எங்கள் வழக்கம். பூங்காவில் காகம் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் போவதா இல்லையா என்ற கேள்வி படையல் ஒழுங்கைப் பற்றியதாக மாறிவிட்டது. ஓம் என்றேன். அந்த ஆண்டில் ஆதாரமின்றி நான் உறுதி கூறியது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஜூலையில் மறுத்த அதே உறவினர்கள், காரணத்தை மாற்றிச் சொன்னதும், ஒருவர் தவறாமல் வரச் சம்மதித்தார்கள். "திவசத்துக்கு வராமல் விடேலுமோ, அத்தான்?" என்றான் மனைவியின் தம்பி. "நீங்கள் நிலாவில வைச்சாலும் வருவம். வான் என்ர பொறுப்பு." அவனுடைய மூத்த மகள் தன் ஷிப்டை மாற்றிக்கொண்டாள். கொண்டாட்டத்துக்கு அழைத்தால் எங்கள் ஆட்கள் வர மறுக்கலாம். திவசத்துக்கு மறுக்க மாட்டார்கள். துக்கம் தடுத்து வைத்திருந்தவர்கள் எல்லாரையும் துக்கமே அழைத்து வந்தது. என் மனைவி எப்போதும் ஆட்களிலிருந்து ஏன் தொடங்கினாள் என்பது எனக்கு அன்று புரிந்தது.

மருமகன் பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்து, புல்வெளியில் சொந்த உணவு உண்ணலாம், நெருப்பு மட்டும் கூடாது என்று கேட்டறிந்தான். மேலதிகச் சீட்டுகளை வாங்கினேன்.

சனிக்கிழமை விடியக் கோயிலில் கடமை நடந்தது. தர்ப்பையை விரலில் அணிந்து உட்கார்ந்தேன். மனைவியின் பெயரை மூன்று தடவை சொல்லும்படி ஐயர் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை நான் உரத்துச் சொல்லி ஓராண்டு ஆகியிருந்தது. மூன்றாம் தடவை என் குரல் மண்டபத்தின் அந்தப் பக்கம்வரை கேட்டதாகப் பிறகு மகள் சொன்னாள்.

வானில், கோயில் மடப்பள்ளியில் இரவல் வாங்கியது உட்பட, பெரிய சட்டிகள் மூன்று, இலைக்கட்டு, மோதகப் பெட்டி, வடை, நாங்கள் பத்துப் பேர். மச்சாள் பாயாச வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் தம்பியை ஏசிக்கொண்டு வந்தார். "இது பாயாசமடா, சிமெந்து இல்லை. மெல்ல ஓட்டு."

வாசலில் பைகளைச் சோதிக்கும் பெண் முதல் சட்டியைத் திறந்தார். பொரித்த குழம்பின் வாசம் எழுந்தது. இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதைத் திறக்காமல் எங்களைப் பார்த்தார். வேட்டிக்கு மேல் மழைச்சட்டை போட்டிருந்த என்னிடம், பிறந்தநாளா என்று கேட்டார். என் மனைவி இறந்து ஓராண்டு, அவள் இங்கு வர விரும்பினாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சட்டியின் மூடியை மிகுந்த கவனத்துடன் பொருத்தினார். பிறகு உள்ளே போய், குழுவாக வருபவர்களுக்குக் கொடுக்கும் காகிதக் கிரீடங்களில் ஒரு கட்டை எடுத்து வந்து பேத்தியின் கையில் கொடுத்தார்.

பிள்ளை எல்லாருக்கும் அணிவித்தாள். எவரும் தப்பவில்லை. மச்சாள் குனிந்து கொடுத்தார். வெளிர் சேலையும் திருநீறும் பொன்னிறக் காகிதக் கிரீடமுமாக அவர் நிமிர்ந்தபோது சகலன் சொன்னார்: "இவ்வளவு நாளும் இது ஒண்டுதான் குறையாக் கிடந்தது."

கோட்டைக்கு முன்னால் இருந்த புல்வெளியில் விரிப்புகளைப் போட்டோம். மச்சாள் முதல் இலையை விரித்து எல்லாக் கறிகளிலும் சிறிது வைத்தார். ஒரு பிடி சோற்றோடு பருப்பும் ஒரு வடையும் இலைத்துண்டில் எடுத்து, சற்றுத் தள்ளி, வேலியருகில் வைத்தார். நாங்கள் காத்திருந்தோம்.

காகம் வரவில்லை. டிராகன் ரயில் கூவிக்கொண்டு எங்களைக் கடந்தது. மறுபடியும் கடந்தது. தம்பியின் இளைய மகள் மோதகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அது முற்றிலும் தெளிவாக இருந்தது. சகலன் காகத்தைப் போல் கரைந்து பார்த்தார். பக்கத்துக் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது.

அப்போது இனிப்புக் கூரை வீட்டின் பின்னாலிருந்து ஒரு மயில் நடந்து வந்தது. பூங்காவில் அலங்காரத்துக்காக வளர்ப்பது. அவசரமில்லாமல், தோகையைப் புல்லில் இழுத்துக்கொண்டு, எங்கள் விரிப்புகளைச் சுற்றி வேலியருகே போய் நின்று, இலைத்துண்டை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு சோற்றைக் கொத்தியது. பருப்பை விட்டுவிட்டு வடையை முழுதாக எடுத்தது.

மனைவியின் தம்பிதான் முதலில் வாய் திறந்தான். "எங்கட அக்கா எந்த நாள் மற்ற ஆக்களைப் போல வந்தவ, அத்தான்?"

முதலில் சிரித்தது மகள். தாய் இறந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் புல்லில் விழும்வரை சிரித்தாள். பிறகு எல்லாரும். மச்சாள் சிரிக்காமல் இருக்க முயன்று, கடைசியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பறக்கச் செட்டை இருக்குத்தானே" என்று தீர்ப்புச் சொன்னார். "அது போதும். இலையைப் போடுங்கோ. சாப்பிடுங்கோ எல்லாரும்."

அந்த மயிலுக்கு நான் பொருள் எதுவும் கூறவில்லை. வடையைப் பார்த்த பறவை வடையை எடுத்தது. ஆனால் அந்தப் புல்வெளியில் நான் உண்டதைப் போல் ஓராண்டில் எங்கும் உண்ணவில்லை. இரண்டாம் தடவை சோறு கேட்டேன். மச்சாள் மூன்றாம் தடவைக்கும் சேர்த்து வைத்தார். பக்கத்துக் குடும்பத்துக்கு மோதகம் போயிற்று. வாசலில் நின்ற பெண்ணுக்கும் மகள் ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிற்பகலில் டிராகன் ரயில். மூட்டுவலிக்காரர் ஏற வேண்டாம் என்று பலகை சொன்னது. மச்சாள் பலகையைப் பார்த்தார். என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னார். கேட்டுவிட்டு முதற்பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். "பெருவிரல் முன்னுக்குத்தானே இருக்க வேணும்" என்றார். அவருக்குப் பின்னால் சகலன், அதன் பிறகு மற்றவர்கள், என் மனைவி எண்ணிய ஒழுங்கிலேயே. இதைப் பெரியவர்கள் எவரும் ஏற்பாடு செய்யவில்லை. பிள்ளைதான் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து இருத்தினாள். ரயில் ஓநாயின் குடிலைச் சுற்றிக் கீழே பாய்ந்தபோது முன்னாலிருந்து "முருகா!" என்று ஒரு குரல் எழுந்தது. பூங்காவின் அந்த மூலை முழுவதும் அதைக் கேட்டிருக்கும்.

மாலையில் படம் எடுக்கக் கோட்டைப் படிகளில் நின்றோம். பேத்தி கீழே நின்று தன் விரல்களை மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்தது. மறு கையில் தொடர்ந்தாள். சின்னி விரலில் என்னைக் காட்டினாள். கணக்கு முடிந்தது. இரண்டு கைகளையும் மூடி உயர்த்திப் பிடித்தாள்.

"அம்மப்பா, எல்லாரும்!"

"ஓம்" என்றேன். "எல்லாரும்."

அம்மம்மாவை விட்டுவிட்டாயே என்று அவளை எவரும் கேட்கவில்லை. எண்ணுகிறவர் கணக்கில் வருவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விமானம் உரிய வேளையில் புறப்பட்டது.

செய்யாமல் நிற்பவை:

கோயில் மடப்பள்ளியின் பெரிய சட்டியைத் திருப்பிக் கொடுத்தல்.

கோட்டைப் படியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பேர்த்துக்கு அனுப்புதல். மச்சாளுக்கு ஒன்று, கிரீடம் தெளிவாகத் தெரிவதாக.

அடுத்த ஆண்டுத் திதியை இப்போதே பஞ்சாங்கத்தில் பார்த்து மகளுக்கு அறிவித்தல், அவள் விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்.

மோதகப் பெட்டியைத் தேடுதல். வாசலில் நின்ற பெண்ணிடம் இருக்கலாம்.

என் மனைவியின் முதியோர் பயண அட்டையைக் கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்புதல். இதற்கு அவசரமில்லை.